உறிஞ்சு துளையில் கை வைத்தவர்

போன மாதம் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில், மோட்டார் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு துளை மகளின் கையைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் குளத்தில் இறங்கவில்லை. நான் சென்சார் வாங்கி ஒரு தானியங்கிப் பெட்டி செய்தேன். துளை அடைபட்டால் அது மோட்டாரை நிறுத்திவிடும்.

சோதிக்கும் நாளில் அம்பாங்கிலிருந்து மகளுடைய நீச்சல் ஆசிரியை வந்தார். குட்டை முடி, பேசும்போதெல்லாம் கழுத்து விசிலை உருட்டிக்கொண்டே இருப்பார். மகள் கரையில் நின்று பார்க்க, துளையை அடைக்க நான் ஒரு பலகையை நீட்டினேன்.

"பலகைய வெச்சா உங்க மக நம்புவாளா அண்ணே? என் கைய வெக்கிறேன். மோட்டார் நிக்கலைன்னா நீங்க சுவிட்ச ஆஃப் பண்ணுங்க லா."

மூழ்கினார். நான் சுவிட்சில் விரலை வைத்தேன். மோட்டார் தானாகவே நின்றது. தண்ணீருக்கு மேலே அவர் கை எழுந்து ஆடியது.

"ஆன்டி, நானும் வரேன்!" மகள் குதித்துவிட்டாள்.

என் விரல் இன்னும் சுவிட்சில்தான் இருந்தது. செய்தவனே நம்பாத பெட்டியை அவர் எப்படி நம்பினார்?