நான் கொல்லாமல் விட்ட மனிதர்

"நீங்கள்தானே மாஸ்டர் என்னைக் கொல்லப் பாத்தது?"

போன வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு என் படலையைத் திறந்துகொண்டு வந்தவர் கேட்ட முதல் கேள்வி. (நேரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இப்படியொரு கேள்வியைக் குறிக்காமல் விடமுடியுமா?) மெலிந்த மனிதர். கக்கத்தில் கயிறு கட்டிய பழைய வாரப் பத்திரிகைகள். முகத்தில் சிரிப்பு.

பக்கத்து வளவுச் செல்லத்துரையர்! மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர். உலக யுத்தம் முடிந்தும் ஊர் வந்துசேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கொலை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தத்துக்கு முன் அவருடைய கடிதங்களை வாசித்துக் காட்டும் வேலை எனக்கு. அவர் மனைவிக்கு வாசிக்க வராது. மலாயாத் தபால் வந்தால், கையெழுத்து வாசிக்க இன்னும் பழகாத மகள் கமலத்தையும் கூட்டிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முருங்கை நட்டது... பக்கத்து வீட்டுச் சீனச் சிறுமி எங்கள் தேசிக்காய் ஊறுகாயைத் தின்று, கண்ணீர் வடித்து, மறுபடியும் கை நீட்டியது... எல்லாம் எனக்கு மனப்பாடம்.

சிங்கப்பூர் விழுந்தது. கடிதங்கள் நின்றன.

அந்த நாட்களில் நான் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு ஒரு தொடர்கதை எழுதினேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மலாயா, யுத்தம், ஒரு தமிழ்க் கிளாக்கர், ஊறுகாய் தின்னும் சீனச் சிறுமி. நானோ மலாயாவைக் கண்டதில்லை. எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? ஆறாம் அத்தியாயத்தில் கிளாக்கர் குண்டுவீச்சில் அகப்பட்டார். ஏழில் சாகவேண்டும் — எழுதியும் வைத்துவிட்டேன்.

ஆறாம் அத்தியாயம் வெளியான அன்று பின்னேரம் கமலம் ஓடிவந்தாள். பன்னிரண்டு வயது. ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலை. கையில் பத்திரிகை.

"மாஸ்டர், அப்பாவின்ரை கடிதம் வந்ததோ?"

"இல்லையே பிள்ளை. ஏன்?"

"அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இது அப்பாதானே! முருங்கை... ஊறுகாய்..."

படலைக்கு வெளியே அவள் தாய் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. பதிலைக் கேட்கப் பயம்.

"அது கதை பிள்ளை. நானாக் கட்டினது."

கமலம் பத்திரிகையை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நீங்களாக் கட்டுறதெண்டால் அவரை உயிரோடை கட்டுங்கோவன். உங்களுக்கென்ன குறைஞ்சுபோகுது?"

என்ன குறையும்? இரண்டு தாள். கிழித்தேன்.

ஆனால் யுத்தக் கதையில் ஒருவராவது சாகாவிட்டால் யார் நம்புவார்கள்? கிளாக்கர் பிழைத்தார். சீனச் சிறுமி செத்தாள். பிள்ளைகள் அழுது கடிதம் எழுதினார்கள். எனக்குப் பெருமைதான்.

கமலம் சேர்த்துவைத்த அந்தப் பத்திரிகைகளைத்தான் செல்லத்துரையர் இப்போது என் மேசையில் விரித்தார்.

"என்னை விட்டது சரி. இந்தப் பிள்ளையை ஏன் மாஸ்டர்?"

"அது... கதைக்கு..."

"நான் காய்ச்சலிலை கிடக்கேக்கை மரவள்ளி அவிச்சுத் தந்தவள் அவள்தான். தங்களுக்கே இல்லாத நேரம். இப்ப நல்லாய் வளந்திட்டாள். நான் கப்பலேறேக்கையும் வந்து நிண்டவள்."

"என்ன சொன்னாள்?"

"ஊறுகாய் அனுப்பச் சொன்னாள்."

அவர் போனபின் பழைய நாட்குறிப்பை எடுத்து, சீனச் சிறுமியைச் சாகடித்த வாரத்தைப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோர் பெயரும் இருக்கிறது. அவளுக்காகக் கேட்டு என் படலைக்கு ஒருவரும் வரவில்லை.