எங்கள் வீட்டு அட்மின்

போன புதன்கிழமை காலை பத்து மணி. என் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து, "இதைச் செய்ய உனக்கு அதிகாரம் இல்லை" என்றது.

இங்கிலீஷில்தான் சொன்னது. ஆனாலும் சுருக்கென்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியதே நான்தான் – உங்களுக்கு வாராவாரம் எழுதிச் சம்பாதித்த காசில்!

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொன்னால்தான் புரியும். என் கணவர் மானாம்பதி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டுக் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புது விண்டோஸ் ஏறாது என்று தெரிந்ததும், "அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடறேன்" என்று பென்டிரைவும் கையுமாக உட்கார்ந்தார். போட்டும்விட்டார். பொய் சொல்லக் கூடாது... முன்பைவிட வேகமாகவே ஓடியது.

ஓடியதோடு விட்டாரா? கூட வேலை பார்க்கும் இரண்டு வாத்தியார்களை வரவழைத்துப் பிரசங்கம் வேறு.

"இது சுதந்திர மென்பொருள் சார்! எவனுக்கும் அடிமையா கீற வேலையே கெடையாது. யூஸ் பண்றவங்க கையிலதான் மொத்த அதிகாரமும்!"

நான் மூன்று பேருக்கும் டீ கொடுத்துக்கொண்டே மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். யூஸ் பண்றவங்க யார்? அவர் அதில் பார்ப்பது கிரிக்கெட் ஸ்கோர். உட்கார்ந்து வேலை செய்கிறவள் நான்.

அந்த லினக்ஸில் இரண்டு பேருக்குக் கணக்கு திறந்திருந்தார். அவர் அட்மின். நான் சாதா யூசர். சாதா யூசர் எழுதலாம், படம் பார்க்கலாம். புதிதாக எதையாவது உள்ளே சேர்க்க வேண்டுமென்றால் அட்மின் வந்து பாஸ்வேர்ட் போட வேண்டும்.

"பாஸ்வேர்டு இன்னாங்க?" என்று அப்போதே கேட்டேன்.

"அது உனுக்கு இன்னாத்துக்கு? தெரியாம எதனா அமுக்கினா மொத்தமா பூடும்."

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் எங்கள் உத்திரமேரூர். என் வீட்டில் குடமும் இல்லை, ஓலையும் இல்லை. அட்மின் தானாகவே பதவியேற்றுக்கொண்டார். அந்தப் பழைய குடத்தில் மட்டும் பெண்கள் பெயர் விழுந்ததா என்ன?

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். பகல் பன்னிரண்டு மணிக்குள் என் கட்டுரை பத்திரிகைக்குப் போயாக வேண்டும். பாதி பேப்பரில் இருந்தது, மீதி மண்டையில். தட்ட உட்கார்ந்தால்... தமிழ் வரவில்லை! நம்ம வாத்தியார் இங்கிலீஷில் நாலு எழுத்து தட்டிப் பார்த்து, தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டிருக்கிறார். தமிழ் கீபோர்டைத் தனியாகச் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது.

போனில் அடிக்கலாமே என்பீர்கள். கீழே விழுந்து கீறல் விட்ட என் போனில் 'க'வும் 'ப'வும் வேலை செய்யாது. அவை இல்லாமல் நீங்கள் ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள், பார்ப்போம்.

பத்திரிகையில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். "பன்னெண்டு தாண்டினா அந்த இடத்துல விளம்பரம் போட்டுடுவோம் மேடம்." ஒரு தடவை ஜவுளிக்கடை விளம்பரம் உட்கார்ந்த இடத்தில் எழுத்து திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தே இரண்டு எழுத்தாளர்கள் அப்படித்தான் காணாமல் போனார்கள்.

கணவருக்குப் போன் போட்டேன்.

"போன்ல பாஸ்வேர்டு சொல்லக் கூடாது. செக்யூரிட்டி."

"கேக்கறது உங்க பொண்டாட்டிங்க!"

"யாரா இருந்தாலும் ரூல்ஸ் ஒண்ணுதான். சாயந்திரம் வந்து போட்டுத் தரேன்."

மணி பத்தே முக்கால். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பஜார் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரும் ரிப்பேர் செய்யும் ஷகீலாவைக் கூப்பிட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

"அக்கா, மிஷினு எங்க கீது?"

"என் எதிர்லதான்."

"அப்போ இன்னாத்துக்குப் பேஜார் பட்டுக்கினு கீறீங்க? மிஷின் முன்னாடி குந்திக்கினு கீறவங்கதான் ஓனர். போன ஸ்பீக்கர்ல போடுங்க, நான் சொல்றாப்ல பண்ணுங்க."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். போடும்போதே ஒரு பட்டனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கறுப்புத் திரை வந்தது. எழுத்தெழுத்தாக அவள் சொல்லச் சொல்ல, என் பெயரையும் அட்மின் பட்டியலில் சேர்க்கும் ஒரே ஒரு வரி தட்டினேன். எண்டர்.

அவ்வளவுதான். நானும் அட்மின்!

தமிழ் கீபோர்ட் சேர்ந்தது. பதினொன்று ஐம்பதுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. நீங்கள் போன வாரம் படித்தது அதைத்தான்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆண்கள் பலரும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பேசுகிறார்கள். நான் யாருடைய சாவியையும் பிடுங்கவில்லை. அவர் பாஸ்வேர்ட் அப்படியேதான் இருக்கிறது. எனக்கென்று ஒரு சாவி செய்துகொண்டேன். அது அவருக்கு இன்னும் தெரியாது.

சனிக்கிழமை ஏதோ அப்டேட் என்று வந்து உட்கார்ந்தார். இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார். திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"ஐயையோ, இதைப் போய் பத்திரிகையிலேயே எழுதிவிட்டீர்களே, அவர் பார்த்துவிட்டால்?" என்று பதறுகிறீர்களா? பதறாதீர்கள். பதினோரு வருஷமாக இந்தப் பத்தி வருகிறது... என் வீட்டுக்காரர் ஒரு வாரம்கூடப் படித்ததில்லை.