ஒரே பலகையில் இரண்டு வகுப்பு

எங்கள் பள்ளியில் ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு. நான் தமிழ் டீச்சர். உருது சொல்லித் தருபவரைப் பிள்ளைகள் எல்லாம் ஆபா, அதாவது அக்கா, என்பார்கள், நானும் அப்படித்தான். கரும்பலகையும் ஒன்றுதான். நான் இடப்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு போவேன், அவர் வலப்பக்கத்திலிருந்து வருவார். நடுவில் முட்டிக்கொள்ளும்போது, "உங்க தமிழுக்கு எவ்ளோ எடம்தான் வேணும்?" என்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். மத்தியானம் அவர் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினால் இறங்கிவிடும்.

இப்படி உட்கார்ந்தால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டா இருக்கும்? என் பாட்டை உருது வகுப்பு பாடும். என்னிடம் மூன்றாவது படிக்கும் ஒருத்தி ஆபாவிடமே ஒட்டிக்கொண்டு, உருது எழுத்துக்கூட்டி வாசிக்கவே பழகிவிட்டாள். ஆபாவுக்கு அவள் என்றால் உயிர். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வினை பரீட்சையில் வந்தது. நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ, அங்கேதான் உருதுப் புத்தகம் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் தமிழ்ப் பரீட்சைத் தாளைப் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். விடையெல்லாம் சரி. சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் அவள் அப்பா வந்துவிட்டார். நெல் ஏலம் விடும் கமிட்டியில் மூட்டை தூக்குபவர்.

"இன்னா டீச்சர், பின்னாலேர்ந்து எழுதுது? இருக்கற தமிழும் பூடும் போலக்குது. டீசி குடுத்துடுங்க, வேற ஸ்கூல்ல போட்டுக்கறேன்."

"வேணாம் நைனா," என்று அவள் அழ ஆரம்பித்தாள். மார்க்கைக் காட்டினேன். அவர் காதில் வாங்கவில்லை. ஆபாவுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு யார் புரியவைப்பது என்று என்னிடம் உருதுவில் முணுமுணுத்தார்.

அந்த மனுஷன் உருதுவிலேயே வெடுக்கென்று பதில் சொன்னார். அவ்வளவு சரளம். ஆபா அவர் பக்கம் திரும்பினார்.

"எங்கேப்பா கத்துக்கின?"

"மசூதி தெருவுல வளந்தவன் நானு. கோலி ஆடி ஆடியே வந்துடுச்சி."

"அதனால உனக்குத் தமிழ் பூடுச்சா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மகளை அழைத்து, ஆபாவின் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் படித்தாள்.

"எனக்குப் பேசத்தான் தெரியும். ஒரு எழுத்து தெரியாது," என்றார். முகமெல்லாம் பெருமை.

டீசியை அவர் மறந்தேபோனார். "அஞ்சாவது முடிச்சிட்டு இத்த எங்க படிக்கறது?" என்று கேட்டார்.

எங்களிடம் உருது ஐந்தோடு சரி. பிள்ளைகள் போகும் பெரிய பள்ளியில் அது கிடையாது. வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகளே அங்கே போனதும் அந்த எழுத்தை மறந்துவிடுவதை வருஷா வருஷம் பார்ப்பவர் ஆபா. இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக்கு அனுப்புப்பா," என்றார். "வர்ற வழியில, எழுத்த மறந்துட்ட எங்க புள்ளைங்களையும் இவளே இட்டுக்கினு வரட்டும்."