சிங்கப்பூர்க் கரையில் ஒரு வேப்பங்கொத்து

என் மகளுக்குச் சிங்கப்பூரில் குழந்தை பிறந்தபோது நான் முதல்முறை விமானம் ஏறினேன். அதுவரை நான் கண்ட தூர ஊர் என்றால் ஒரு பக்கம் எண்ணூர், இன்னொரு பக்கம் பாரிமுனை. திருவொற்றியூர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மீன் ஆய்ந்து, பிள்ளை வளர்த்ததிலேயே வயசு போய்விட்டது. வெளியாட்களிடம் பேசுவதென்றால் எனக்கு இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைக்குப் போனாலும் பொருளைக் காட்டிவிட்டு நிற்பேன்.

விடியற்காலை மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் மரம். வீடு பன்னிரண்டாவது மாடியில். உள்ளே நுழைந்ததும் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். குழந்தைக்குப் பால் பற்றவில்லையாம். பிறந்ததில் இருந்து எடை இறங்கிக்கொண்டே வருகிறதாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்களாம், அப்போதும் ஏறாவிட்டால் டப்பா பாலை ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம்.

"டப்பா பால் குடிச்ச பிள்ளைங்கல்லாம் வளராமயா போச்சு?" என்றேன்.

"எனக்கு முடியலம்மா. என்னால ஒரு பிள்ளைக்குப் பால் குடுக்க முடியலைன்னா நான் இன்னாத்துக்கு?" என்றாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கத்தில் பால்சுறா கொடுப்போம். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டுப் புட்டாக வதக்கிக் கொடுப்பது. அந்தச் சுறாவைக் கருவாடாகவாவது எடுத்து வருகிறேன் என்று போனில் சொன்னதற்கு, "அத்தை, ஏர்போர்ட்ல பிடுங்கி வச்சுக்குவாங்க, வேணாம்" என்றிருந்தார் மாப்பிள்ளை. பூண்டும் மிளகும் மட்டும் கொண்டுபோனேன். மகளைப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போனது மாதிரிதான் எனக்கு இருந்தது.

மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பினார். மகள் குழந்தையை அணைத்தபடி தூங்கிப்போனாள். நான் ஜன்னலண்டை போய் நின்றேன். தூரத்தில் கடல். கடலில் வரிசையாகக் கப்பல்கள், துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நிற்கிற மாதிரி. ராயபுரத்துப் பக்கம் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படியே. அதைப் பார்த்த பிறகுதான் என் பயம் கொஞ்சம் விட்டது. இங்கேயும் கடல் இருக்கிறது. கடல் இருந்தால் படகு இருக்கும், படகு இருந்தால் இந்நேரம் கரை அடையும்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி, காலையில் கையில் ஒரு வேப்பங்கொத்தோடு கரையில் நிற்பாள். வாயைத் திறந்து எதுவும் கேட்கவேண்டாம். வலையில் பால்சுறா பட்டிருந்தால் முதலில் அடைகிற படகுக்காரர் அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார். விலை பேசக்கூடாது.

இந்த மகள் பிறந்தபோது என் நாத்தனார்தான் போய் நின்றாள். என் வீட்டுக்காரர் நெல்லூர்ப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். அன்றைக்கு முதலில் அடைந்த படகு யாருடையது என்றால், எங்களோடு வலைத் தகராறில் பேச்சுவார்த்தை விட்டுப்போனவருடையது. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அவர் இறங்கி வந்து சுறாவைக் கூடையில் போட்டு, "இன்னாத்துக்கு மூஞ்ச திருப்பிக்கினு கீற? சண்டை உன் அண்ணங்காரனோட. கொழந்தையோட இல்ல" என்றாராம். நாத்தனார் வீட்டுக்கு வந்து, "அந்த ஆளு வாயில நல்ல வார்த்தையும் வருது பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் புட்டின் வாசனை இப்போது நினைத்தாலும் எனக்கு வரும். அடுப்புப் புகை, பூண்டு, வெளியே காயப்போட்ட வலையின் ஈரம், எல்லாம் சேர்ந்த வாசனை.

ஒரு பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். மேலே வரும்போது மாப்பிள்ளை அமுக்கியதைப் பார்த்திருந்ததால் லிப்ட் எனக்கு ஒத்துழைத்தது. கட்டடத்தில் பெரிதாக எழுதியிருந்த எண்ணை மனதில் வாங்கிக்கொண்டேன். கீழே புல்வெளி ஓரத்தில் வேப்பமரம் ஒன்று நின்றது. நம் வேப்பமரமேதான். ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டேன். கடல் இருந்த திசையாக நடந்து, பெரிய சாலைக்கு அடியில் போகிற வழியில் நுழைந்து, அந்தப் பக்கம் ஏறினால் மணல்.

கரையில் போய் நின்றேன். மணல் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. கடலுக்கு வாசனையே இல்லை. ஒரு மீன்செதில் இல்லை, ஐஸ் கட்டி இல்லை, ஏலம் விடுகிற கத்தல் இல்லை. கால்சட்டை போட்டவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வயசாளி தூண்டில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படகுகள் வேறு நேரத்துக்கு அடையும் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, கொத்தை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. ஓடுகிறவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினார்கள்.

குப்பை வாருகிற ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். கறுத்த முகம், நம் ஊர் மீசை.

"என்னத்தா, ரொம்ப நேரமா நிக்கிறீக? யாரும் வாராகளா?" என்றார். ராமநாதபுரத்துப் பேச்சு.

தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. "போட்டு எப்ப அடையும்பா?"

"எந்த போட்டு?"

"மீன் போட்டு."

அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். "இங்க கரையில மீன் இறங்காதுத்தா. எல்லாம் பெட்டியில ஐஸ் வச்சு மார்க்கெட்டுக்கு வந்துரும். என்ன மீனு வேணும்?"

"பால்சுறா. மகளுக்குக் கொழந்த பொறந்து கீது."

"நம்ம ஆளுக கடை இருக்க மார்க்கெட்ல கெடைக்கும். மருமகன்ட்ட சொல்லுங்க, வாங்கியாருவாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது என்ன கையில? மரத்துல ஒடிச்சீகளா?" என்றார்.

"ஆமாம்பா."

"ஆத்தாடி. பாத்தா அபராதம் போட்டுருவாக. குடுங்க இப்படி." கொத்தை வாங்கித் தன் வண்டிக்குள் மற்ற குப்பைக்கு அடியில் செருகினார். சாலைக்கு அடியில் போகிற வழிவரை கூட வந்து, கட்டட எண்ணைக் கேட்டு, திரும்ப வேண்டிய இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். அவர் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.

வீட்டு வாசலில் மகள் அழுகிற குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்கம்மா போயிட்ட? போனையும் வச்சுட்டுப் போயிட்ட. போலீசுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"சுறா வாங்கலாம்னு கரைக்குப் போனேன்."

"கரைக்கா?"

"வேப்பங்கொத்து வச்சிக்கினு நின்னேன். ஒரு போட்டும் வரல."

அவள் என்னையே பார்த்தாள். வெறும் பையைப் பார்த்தாள். சிரிப்பு முதலில் மூக்கில்தான் வந்தது. பிறகு சோபாவில் உட்கார்ந்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, வயிறு வலிக்குது. சிங்கப்பூர்ல கரையில கொத்து வச்சிக்கினு நின்னுகினு இருந்தியா நீ? எவனாவது கப்பல்ல இருந்து சுறாவ தூக்கிப் போடுவான்னு?"

"குப்பை வார்ற தம்பி அந்தக் கொத்தையும் பிடிங்கிக்கினான். அபராதம் போடுவாங்களாம்."

அதற்கு இன்னும் சிரித்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. போனிலே பேசும்போதெல்லாம் அளந்துதான் பேசுவாள். சிரிப்பினூடே கண்ணீரும் வந்தது. "அத்தை மட்டும் இதைக் கேட்டா குப்பம் பூரா தண்டோரா போட்டிருக்கும்" என்றாள். நாத்தனார் இறந்து பல மழைக்காலம் போய்விட்டது. நானும் சிரித்தேன்.

திடீரென்று அவள் நிறுத்தினாள். குனிந்து தன் நைட்டியைப் பார்த்தாள். மார்பில் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்றாள், மெல்ல.

குழந்தையை வாங்கி அவள் மடியில் வைத்தேன். முதலில் முகத்தைத் தேய்த்து அழுதது. பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னத் தொண்டை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மகள் அசையக்கூட இல்லை.

சிரிப்பினால்தான் பால் வந்ததா, வரவேண்டிய நேரம்தான் வந்ததா, எனக்குத் தெரியாது. மகள் போனில் சொன்னபடி சாயங்காலம் மாப்பிள்ளை மார்க்கெட்டிலிருந்து சுறாவோடு வந்தார். ஊர்ச் சுறா போல இல்லை, ஐஸில் கிடந்து சோர்ந்திருந்தது. ஆனாலும் பூண்டை உரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மகள் உள்ளறையிலிருந்து, "அம்மா, மிளகு தூக்கலா போடு" என்றாள்.