பிரேசனுக்கு ஓர் உதாரணம்

எழுபதுகளில் நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். வீடு நாகூரில். எங்கள் பக்கம் மதுவிலக்கு. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் மதுக்கடை திறந்திருக்கும். அதனால் எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதிப்பார்கள்.

ஒருநாள் வகுப்பில் 'பிரேசன்' (brazen) என்ற ஆங்கிலச் சொல் வந்தது. "பயந்து ஒளிஞ்சு தப்பு பண்றவன் பிரேசன் இல்ல. கூச்சமே இல்லாம முகத்துக்கு நேரா பண்றவன்தான்" என்றேன்.

"ஒரு உதாரணம் சொல்லுங்க டீச்சர்" என்றாள் ரெஜினா என்ற மாணவி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மாலை பஸ்ஸில், சோதனைச் சாவடி நெருங்கியதும், பக்கத்தில் இருந்த பெண் தன் பையை என் காலடிக்குத் தள்ளினாள். உள்ளே பாட்டில்கள் இடித்துக்கொண்டன. தினமும் என்னைப் பார்க்கிற போலீஸ்காரர் ஏறிவந்து, "இது யாரு பை?" என்றார். அவள் உதடு நடுங்கியது.

"என்னோடதுதாங்க. திருத்துற நோட்டு" என்றேன், அவர் கண்ணைப் பார்த்தே.

"சரிங்க டீச்சர்" என்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ரெஜினா விடவில்லை.

"பஸ்ஸுல ஒரு அம்மா, போலீஸ்காரர் முகத்தப் பார்த்தே, பிராந்தி பாட்டில் இருந்த பைய நோட்டுப் பைன்னு சொன்னாங்க. அதுதான் பிரேசன்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "யாரு டீச்சர் அது?"

"யாரோ. எனக்குத் தெரியாது."

பஸ்ஸில் சொன்ன பொய்க்கு அந்தப் பெண்ணின் நடுக்கத்தைச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். வகுப்பில் சொன்ன இந்தப் பொய்க்கு அதுவும் இல்லை. அப்போதும் என் குரல் பிசிறவில்லை. முந்தைய நாள் நானே விளக்கிய அந்தச் சொல் எனக்கு விளங்கியது அங்கேதான்.