செல்வியின் கையும் பாய் கடை ஈரலும்

போன வாரம் எங்கள் வீட்டில் பெரிய வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நின்றது என் மனைவி செல்வியின் கை!

செல்விக்குப் பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறாள். ஆடுமாடுகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து ஒன்று வேறு நோய்க்கும் உதவுமா என்று அங்கே பார்க்கிறார்கள். அந்த மருந்து கல்லீரலில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று அளப்பது இவள் பொறுப்பு. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு மெஷின்... மூலக்கூறுகளையே எடை போட்டு, இன்னது இருக்கிறது என்று சொல்லிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே படாத ஈரலும் வேண்டும். அதை வாங்கித் தருவது நான். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் பாய் கறிக்கடை, புதுக் கவர், ஐஸ் பெட்டி — எல்லாம் முறைப்படி.

அந்த வெறும் ஈரலிலும் மெஷின் மருந்தைக் காட்டியது.

"கை சுத்தமா வேலை பாருங்க மேடம்" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். துடைத்த டம்ளரையே மறுபடி துடைக்கிறவளிடம் சொல்லும் பேச்சா இது? வேலையை வேறொருவருக்கு மாற்றப் போவதாகவும் பேச்சு. செல்வி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பாயிடம் போனேன்.

"இன்னா சார், என் கடை ஈரல் மேல இன்னா கம்ப்ளைன்ட்டு?"

"அந்த ஆட்டுக்குப் புழு மருந்து ஏதாவது குடுத்தாங்களா பாய்?"

பங்காருபேட்டை ஆட்டுக்காரருக்கு போன் போட்டுத் தெலுங்கில் விசாரித்தார்.

"மழை பேஞ்சுதுன்னு மந்தைக்கே ஊத்திட்டாராம் சார். அதைக்கூட மெஷின் புடிச்சுடுச்சா? போலீஸ் நாய் கெட்டுது போங்க!"

சரி, பாய் சொன்னார் என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னால் எடுபடுமா? செல்விதான் வழி கண்டாள்.

"ஆடு உயிரோட குடிச்சிருந்தா, அதோட கல்லீரல் அந்த மருந்தை வேற உருவா மாத்தியிருக்கும்ங்க. என் கையிலருந்து சிந்தியிருந்தா, பாட்டில்ல இருக்கிற மாதிரியே இருக்கும்."

மறுநாள் அந்த மாறிய உருவத்தைத் தேடச் சொன்னாள் மெஷினிடம். இருந்தது! மேலதிகாரி எல்லார் முன்னாலும் 'சாரி' சொன்னார். வேலையும் அவளிடமே.

ஒன்று தப்பாகிவிட்டால், கடைசியாகத் தொட்டது யார் என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். நம் கைக்கு வருமுன் அது எங்கே இருந்தது என்று யார் கேட்கிறார்கள்?

ஞாயிறு மதியம் சமையல் என்னுடையது. மருந்து ஊற்றாத ஆடு என்று பாய் சத்தியம் செய்து கொடுத்த ஈரல், மிளகு வறுவல். ஒரு வாய் வைத்தவள் தண்ணீரை இழுத்துக்கொண்டாள்.

"இந்த உப்புக்கு ஆட்டு மேல பழி போட முடியாதுங்க!"