சொல்லாமல் விட்ட பேர்

ஓர்ஸ் ஹில் சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, கன்னியர் மடத்தார் ஒரு முதியோர் இல்லம் நடத்தி வந்தார்கள். நடுவில் முற்றம், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். முற்றத்தின் கோடியில் சீமெந்தில் கட்டிய ஒரு சிலுவையும் அதன் காலடியில் கடல் மணல் பரப்பிய மேடையும் இருந்தன.

அந்த இல்லத்தில் கிறிஸ்டினுக்குத் தனி மரியாதை. அவள் படித்தவளுமல்ல, பணக்காரியுமல்ல. அவள் விதவை, அவ்வளவுதான். மற்றவர்களில் அநேகம் பேர் கைவிடப்பட்டு வந்தவர்கள். மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன தகப்பன், மருமகளோடு ஒத்துப்போகாத மாமி, இப்படி. கிறிஸ்டினின் கதை வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த புருசன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகளும் குழந்தையிலேயே போய்விட்டாள். அவளை ஒருவரும் விட்டுப் போகவில்லை, சாவு பிரித்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளியில் இருப்பவர்களுக்குப் பெரிதாகப் படாது. இல்லத்தில் இருப்பவர்களுக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆத்துமாக்கள் திருநாளன்று அந்த மரியாதை கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்கும். சேமக்காலைக் கல்லறைகள் வரை நடக்க ஏலாதவர்களுக்காக சிஸ்டர் பிலோமினா ஏற்படுத்தி வைத்த வழக்கம் அது. ஒவ்வொருவராக எழும்பி, மணல்மேடையில் ஒரு மெழுகுதிரியைக் குத்தி, தங்களுடைய மரித்தவரின் பேரை உரத்துச் சொல்ல வேண்டும். எல்லாரும் சேர்ந்து, "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று மன்றாடுவார்கள். கிறிஸ்டின் வருசா வருசம் வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து நின்று, "என்ர மனுசன் ஹெக்டர்" என்பாள். குரல் ஒருநாளும் தளம்பினதில்லை.

அந்த வருசம், கூப்பன் அரிசியும் மரவள்ளிக் கிழங்குமாகச் சனம் நாளைக் கடத்திய காலம், ஐப்பசி மழைக்கு முன்னர் ஆண்கள் பக்கத்துக்கு ஒரு புது ஆளைக் கொண்டுவந்தார்கள். உப்புவெளியில் ஒரு தோணிக் கொட்டிலில் விழுந்து கிடந்தவராம். சீனி வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். பெண்டு பிள்ளை இல்லையாம். சில்லு வைத்த கதிரையில் தலையைக் குனிந்தபடி முற்றத்தைக் கடந்து போனார்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் புஸ்பராணிதான் சேதியோடு வந்தாள். எந்தச் சேதியும் அந்த இல்லத்தில் முதலில் புஸ்பராணியிடம் வந்துதான் மற்ற இடத்துக்குப் போகும்.

"அக்கா, புது ஆளின்ர பேர் என்ன தெரியுமே? ஹெக்டர்! உங்கட மனுசன் ஒரு காலோட எழும்பி வந்திட்டார்."

பெண்கள் சிரித்தார்கள். கிறிஸ்டின் சுளகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஊரில எத்தினை ஹெக்டர்" என்றாள்.

ஆனால் அவள் பார்த்துவிட்டாள். குனிந்த தலையின் பிடரியில், மயிர் நரைத்த பிறகும் சுழன்று நின்ற அந்தச் சுழியை.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன வருசம் டொக்யாட்டில் வேலை இழந்தவர்களில் ஹெக்டரும் ஒருவர். சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவரோடு அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பிய கிண்ணியா ஸெய்னுதீன்தான் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லியும் வரவில்லை.

"தங்கச்சி, சொல்லாமல் போனால் அல்லாஹ்வுக்குப் பொறுக்காது. அவனுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்கு. அவனைப் பாத்துக்கொண்டு இருக்காத."

அன்று பின்னேரம் கிறிஸ்டின் ஊருக்குச் சொன்னாள், புருசன் காய்ச்சலில் செத்துப்போனார் என்று. யோசித்துச் சொன்னதல்ல. அயல்வீட்டுக்காரி "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டாள், வாயில் வந்தது அதுதான். சொன்ன பிறகு அழுகை கூடியது, நெஞ்சு இலேசானது. கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தாள். முப்பத்தோராம் நாள் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் ஸெய்னுதீன். அவர் அன்று காலையில் வண்டிலில் விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போனார். அவர் மவுத்தாகிக் கண்மூடும் வரைக்கும் அந்தக் கதை அவர் வாயை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு ஓர்ஸ் ஹில் குவாட்டர்ஸ்களில் உடுப்புத் தோய்த்து, மடித்து, கையில் பலம் இருந்த வரைக்கும் உழைத்துத் தின்றாள். பலம் போனதும் இல்லத்துக்கு வந்தாள். வரும்போது கொண்டுவந்த சொத்து அந்த விதவைக்கோலம் ஒன்றுதான்.

இல்லத்தில் நடக்கக்கூடிய பெண்களுக்கு ஒவ்வொரு வேலை உண்டு. கிறிஸ்டினுடையது காலையில் ஆண்கள் பக்கத்துக்குக் கஞ்சி கொண்டு போவது. மற்றவர்களுக்குக் கோப்பையைக் கையில் கொடுத்தவள், ஹெக்டருடையதை யன்னல் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள். அவர் எட்டி எடுக்க வேண்டும். சில நாட்களில் கஞ்சி ஆறி ஆடை படிந்து கிடக்கும். அவர் அதை அப்படியே குடித்தார். அவளைத் தெரிந்ததாகவும் காட்டவில்லை.

ஒரு காலை, மற்ற ஆண்கள் முற்றத்து வெயிலுக்குப் போயிருந்தார்கள். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பியவளை அவர் குரல் நிறுத்தியது.

"கிறிஸ்டின். நான் எப்பிடிச் செத்தனான்?"

அவள் கதவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காய்ச்சலில."

"கனநாள் கிடந்தனானே?"

"கிடக்கேல்ல. ரெண்டு நாளில போயிட்டீங்கள். உங்களைக் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வரேல்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"புஸ்பராணி சொன்னவ, முப்பத்தோராம் நாள் பெரிசா நடந்ததாம். என்ன கறி?"

"ஆட்டிறைச்சி. உங்களுக்கு விருப்பமெண்டு." அவள் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். "தாலிக்கொடியை வித்துத்தான் ஆக்கினனான். ஊர் முழுக்கச் சாப்பிட்டது. ருசியெண்டு சொன்னவை."

யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு வள்ளம் இயந்திரம் இரைய இரையக் கடந்தது.

"பிள்ளை?" என்றார்.

"நீங்கள் போய் அடுத்த மாரி. நெருப்புக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலைத்தான் எடுத்து உங்களுக்கும் வச்சனான். எனக்கு வேற சாவு தெரியாது."

ஹெக்டர் மிச்சமிருந்த முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அங்கேயும் தளத்தை மூடிவிட்டார்கள் என்றோ, அந்தக் குடும்பமும் சிதறிப்போயிற்று என்றோ அவர் சொல்லத் தொடங்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"நான் ஒண்டும் கேக்கிறதுக்கு வரேல்ல. நீ இஞ்ச இருக்கிறது தெரிஞ்சிருந்தால் வந்திருக்கவும் மாட்டன். ஒண்டு மட்டும். ஆத்துமாக்கள் திருநாளுக்கு என்ர பேரைச் சொல்லாதை, கிறிஸ்டின். எல்லாரும் சேந்து எனக்கு இளைப்பாற்றி கேக்கிறதை நானே இருந்து கேக்க... பயமாக் கிடக்கு."

"சொல்லாமல் விட்டால் ஏனெண்டு கேப்பினம்."

"வேற ஆரின்ரையும் பேரைச் சொல்லன்."

"வேற ஆர் இருக்கினம் எனக்கு? ஞானஸ்நானம் வாங்கின பச்சைக் குழந்தைக்கு அந்தச் செபம் தேவையில்லை, அது நேரா மோட்சத்துக்குப் போகும் எண்டு ஃபாதர் சொல்லிப்போட்டார். உங்கட பேர் ஒண்டுதான் எனக்கு இருந்தது." அவள் குரல் தாழ்ந்தது. "இந்தப் பேரை வச்சுத்தான் நான் இஞ்ச தலை நிமிந்து இருக்கிறன். அதையும் தா எண்டு கேக்கிறீங்கள். நான் சொல்லத்தான் போறன்."

அவர் தலையை அசைத்தார். ஓம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு கிறிஸ்டினுக்குச் செபமாலை கையில் நிற்கவில்லை. ஒருநாள் சிஸ்டர் பிலோமினாவிடம், வேறு ஆருக்காகவோ கேட்பது போலக் கேட்டாள்.

"சிஸ்டர், உயிரோட இருக்கிற ஒராளுக்குத் தெரியாத்தனமா மரித்தவர் செபம் சொல்லிப்போட்டால் அது பாவமே?"

"தெரியாமல் சொன்னால் என்ன பாவம்? ஆண்டவர் அதைத் தேவையான ஒரு ஆத்துமாவுக்குக் குடுத்திடுவார்."

"தெரிஞ்சு சொன்னால்?"

சிஸ்டர் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "தெரிஞ்சு ஆர் சொல்லுவினம், கிறிஸ்டின்? உயிரோட இருக்கிறவனைச் சாகச் சொல்லிக் கேக்கிற மாதிரியெல்லோ அது."

திருநாளன்று பின்னேரம் வாடைக்காற்று கிளம்பிவிட்டது. தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. மெழுகுதிரிகள் அணையாதிருக்க மணல்மேடையைச் சுற்றித் தகரம் நிறுத்தி வைத்தார்கள். கதிரைகளைக் கொண்டுவந்து போடும்போதே புஸ்பராணி தொடங்கிவிட்டாள்.

"அக்கா, இந்த முறை நீங்கள் பேரைச் சொல்ல, அந்தாள் 'ஓம், இஞ்ச இருக்கிறன்' எண்டு சொல்லப்போகுது. பாத்துக்கொண்டு இருங்கோ."

மழைக்குணத்தில் வர ஏலாதவர்கள் உள்ளே இருக்கலாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். ஹெக்டரும் உள்ளேதான் இருப்பார் என்று கிறிஸ்டின் நினைத்தாள். இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக அவர்தான் வந்தார். தலை சீவி, துவைத்த சேட்டுப் போட்டு, சில்லுக் கதிரையில் கைகட்டி இருந்தார். தண்டனை வாங்க வந்தவர் அப்படித்தான் இருப்பார்.

பேர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. தாய், தகப்பன், தோணியோடு போன மகன். புஸ்பராணி தன்னை அடித்துத் துரத்திவிட்டான் என்று வருசம் முழுக்கத் திட்டும் புருசனின் பேரை அழுதுகொண்டே சொன்னாள். ஒவ்வொரு பேருக்கும் இளைப்பாற்றி கேட்கும் குரல் எழும்பி, காற்றில் துறைமுகப் பக்கம் போனது. ஹெக்டரும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். வாய் அசைவது கிறிஸ்டினுக்குத் தெரிந்தது.

அவள் முறை வந்தது. எழும்பி, மெழுகுதிரியைப் பற்றவைத்து, மணலில் குத்தக் குனிந்தாள். வழக்கமாக நிமிர்ந்ததும் பேர் தானாக வாயில் வரும். அன்றும் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. எதிரே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். பிடரிச் சுழி தெரிந்தது. கட்டின புதிதில் எண்ணெய் வைத்து அவள் படியவைக்கப் பார்த்து, ஒருநாளும் படியாத சுழி. அதில் தூறல் துளி நின்றது.

நித்திய இளைப்பாற்றி கேட்க எல்லாரும் வாயெடுத்துக் காத்திருந்தார்கள்.

"என்ர மனுசன்..." என்றாள். பிறகு குத்திய மெழுகுதிரியை மணலிலிருந்து பிடுங்கி எடுத்தாள். "எனக்குச் சொல்லப் பேர் இல்லை, சிஸ்டர். நான் விதவை இல்லை. அவர் சாகேல்ல. விட்டிட்டுப் போனவர். அந்தா இருக்கிறார்."

அவள் எதிர்பார்த்த சிரிப்பும் வரவில்லை, ஏச்சும் வரவில்லை. காற்றில் தகரம் மட்டும் அடித்துக்கொண்டது. அவள் மெழுகுதிரியை ஊதி அணைத்து, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தன் கதிரைக்குப் போனாள். வழக்கத்தை விட நடை தூரமாக இருந்தது. ஹெக்டர் கண்ணைத் திறக்கவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. சிஸ்டர் பிலோமினா அடுத்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தாள். அடுத்த பேர் சொல்லப்பட்டது.

மறுநாள் விடிய குசினியில் கஞ்சி வார்க்கும் போது கிறிஸ்டின் போகவில்லை. வராந்தாவில் சுளகும் அரிசியுமாக, எல்லாரிலிருந்தும் தள்ளித் தனியே இருந்தாள். பெண்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். இனி இப்படித்தான் என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தபோது, புஸ்பராணி வந்து பக்கத்தில் பொத்தென்று குந்தினாள். கையில் ஆவி பறக்கும் கோப்பை.

"நான் உங்களைப் பெரிய இடத்து ஆள் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்" என்றாள். "எங்களைப் போலத்தான்."

கிறிஸ்டின் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"இந்தாங்கோ, ஆறுது. உங்கட மனுசனுக்குக் கொண்டு போய்க் குடுங்கோ. நான் கொண்டு போகமாட்டன். எனக்கு அந்தாளைப் பாத்தால் ரெண்டு பேச்சுப் பேசவேணும் போல வருது."

கிறிஸ்டின் எழும்பினாள். முற்றத்தைக் கடக்கும்போது மணல்மேடையில் நேற்றைய மெழுகு மழையில் உறைந்து கிடந்தது. அவர் யன்னலடியில் இருந்தார். அவளைக் கண்டதும் யன்னல் கட்டைப் பார்த்தார். கோப்பையை அங்கே வைப்பாள் என்று. அவள் வைக்கவில்லை. கையில் கொடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று மனதில் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சுடுது" என்றார் அவர்.

"ஊதிக் குடியுங்கோ" என்றாள் கிறிஸ்டின்.